திருப்பி அனுப்பிய லோடு

என் சிநேகிதன் கோவர்த்தனனுக்கு நாற்பத்திரண்டு வயதில் கல்யாணம். சித்தூரில் மாலை வரவேற்பு, மறுநாள் காலை அதே மண்டபத்தில் முகூர்த்தம். மாப்பிள்ளையைக் கிண்டல் செய்து மைக்கில் நாலு வார்த்தை பேசுகிற வேலை என் தலையில் விழுந்தது. படிப்பைப் பாதியில் விட்டு, திருப்பதி லாட்ஜ் ஒன்றின் ரிசப்ஷனில் ராத்திரி முழுக்க விழித்துக் கிடக்கிறவன் நான். கல்யாணங்களில் எனக்குத் தூக்கம்தான் வரும். இவன் கல்யாணம் என்பதால் வந்தேன்.

மேடை ஏறுவதற்கு முன் மணப்பெண் யாமினி என்னை ஓரமாக நிறுத்தினாள்.

"அண்ணா, நைனா கடைசி வரிசையில ஒக்காந்துக்கினு இருக்காரு. நாளைக்கு தாரை வாக்க மாட்டாராம். சித்தப்பாவ வாக்கச் சொல்லிட்டாரு."

"அதுக்கு நான் இன்னாமா பண்றது?"

"சிரிக்க வை. சிரிச்சிட்டார்னா எறங்கி வந்துடுவாரு. ஆனா அந்த லோடு கதைய மட்டும் எடுக்காத. எழுந்து பூடுவாரு."

யாமினியின் அப்பா ஹரிபாபு, பங்காருபாளையத்தில் மாங்காய் வியாபாரி. கோவர்த்தனன் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்குக் காய் பார்த்து எடுக்கிறவன். லாரியில் மேலாக இருக்கிற காயை அவன் தொடவே மாட்டான். தோள் வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை உருவி, அறுத்து, கொட்டை முற்றியிருக்கிறதா என்று பார்ப்பான். ஒன்பது வருஷத்துக்கு முன் ஹரிபாபுவின் லாரியிலும் அப்படித்தான் பார்த்தான். மேலே நல்ல காய், அடியில் முற்றாத காய். ஊரே பார்க்க லோடைத் திருப்பி அனுப்பினான். அவனும் யாமினியும் கல்யாணம் செய்துகொள்வதென்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தார்கள். அன்று சாயங்காலம் பெண் கேட்டு அவர் வீட்டுக்கும் போனான்.

ஹரிபாபு வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அதன் பிறகு வந்த வரன்களையெல்லாம் யாமினி வேண்டாம் என்றாள். போன மாசம்தான், "என்னமோ பண்ணிக்கினு போங்க" என்று அவர் வாய் திறந்தார்.

மைக்கைப் பிடித்தேன். "இவன் கூட ஹோட்டலுக்குப் போனா மானம் பூடும். தட்டுல மேல இருக்கற இட்லிய துன்ன மாட்டான். அடி இட்லிய எடுத்து, பிட்டுப் பாத்து, அப்புறம்தான் சட்னி கேப்பான்" என்றேன். சிரித்தார்கள். சட்டை எடுக்கப் போய்க் கடைக்காரரை அழவைத்த கதைக்கும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் ஹரிபாபு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த லோடை விட்டுவிட்டால் கோவர்த்தனனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை என்று எனக்குப் பட்டது. மற்றபடி எல்லாரையும் போலத்தான் இருப்பான், சாப்பிடுவான், தூங்குவான். அந்தக் கதையையே எடுத்தேன்.

"இவன் புத்திசாலின்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. காலைல மாமனார் லோட திருப்பி அனுப்பிட்டு, சாயங்காலம் அவர் வூட்டுக்கே போய் பொண்ணு கேட்டான். கண்ண மூடிக்கினு அந்த லோட எடுத்திருந்தா, இன்னிக்கு புள்ளைங்க ஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்கும். இவன் தலையில முடி இருந்த காலத்துலயே கல்யாண போட்டோ எடுத்திருக்கலாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. யாமினி கண்ணை மூடிக்கொண்டாள். ஹரிபாபு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வாசலுக்குப் போவார் என்று பார்த்தால் மேடைக்கு வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"ஏமய்யா, தெரியாம பேசாத. காலைல இல்ல, மத்தியானம். என்னைய வெயில்ல நிக்க வெச்சிட்டுதான் அனுப்பினான்."

ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். மைக் வாய்க்கு நேராகவே இருந்தது.

"வர்ற ஜூன்ல என் லோடு வரும். எடுத்துக்குவியா?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. சரி என்று சொன்னால் போதும். ஜூனில் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? பின்னால் நின்ற யாமினியின் சித்தப்பா சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். கோவர்த்தனனுக்கு வேர்த்து ஊற்றியது.

"பாத்துட்டு சொல்றேன் மாமா."

"விடிஞ்சா முகூர்த்தம்டா. இப்பக்கூட பாத்துட்டா?"

"பாக்காம எப்படி மாமா?"

வாய்க்கு வந்ததைச் சொல்லி ரூம் வாங்கிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நானும் அந்த ரகம்தான். ஒரு பொய்யில் எல்லாம் முடிந்துவிடும் என்கிற இடத்தில், மாலையும் கழுத்துமாக, அதைச் சொல்லத் தெரியாமல் நின்றவன் இவன் ஒருவன்தான்.

ஹரிபாபு தம்பி பக்கம் திரும்பினார்.

"டேய், நாளைக்கு நீ வாணாம். நானே தாரை வாக்கறேன். இவன் பாக்காம எதையும் எடுக்கற ஆளு இல்ல. என் பொண்ண எடுத்துக்கறான்னா பாத்துதான் எடுத்துக்கறான்."

"ஒம்போது வருசமா இவர பாத்துக்கினு இருந்தது நானு நைனா" என்றாள் யாமினி. "என்னைய யாரு கேட்டீங்க?"

அதற்குத்தான் ஹரிபாபு சிரித்தார். மைக்கில் சிரித்ததால் மண்டபமே அதிர்ந்தது. மைக்கைத் திருப்பித் தருகிற மாதிரித் தெரியவில்லை. நான் இறங்கிச் சாப்பிடப் போனேன்.