நாலுகால் பாய்ச்சல்

விடியும் முன்பே கடப்பாரையோடு உறைந்த ஆற்றில் இறங்கிவிடுவோம். ராத்திரி மூடிக்கொண்ட குழிகளை மறுபடி உடைத்தால்தான் அறுநூறு மாடுகளும் தண்ணீர் குடிக்கும். உடைக்க உடைக்க பனிக்கட்டிச் சில்லுகள் முகத்தில் தெறிக்கும். கையுறை கடப்பாரையோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் குதிரையில் ஏறி, சிதறிக் கிடக்கும் மாடுகளை வளைத்துத் தண்ணீருக்கு ஓட்டிவர வேண்டும். முன்பு பன்னிரண்டு பேர் செய்த வேலை. இந்தக் குளிர்காலத்தில் ஏழு பேர்.

"மாட்டுக்காவது காதுல நம்பர் இருக்கு. செத்தா கணக்குல வரும். நமக்கு அதுவும் இல்ல," என்பான் எங்களில் ஒருவனான முகித். சிரிக்கக்கூட அலுப்பாக இருக்கும்.

அன்று காலை ஒரு கிடாரி தனியே ஆற்றின் நடுவுக்குப் போய்விட்டது. அதைத் திருப்பப் போனார் எங்களோடு மாடு மேய்க்கும் சபர்காலி அண்ணன். குதிரைக்கு முள் வைத்த குளிர்கால லாடம் இல்லை. இலையுதிர் காலத்திலிருந்தே முதலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். வழவழப்பான பனிக்கட்டியில் நாலு காலும் பரப்பி விழுந்தது குதிரை. அண்ணனின் கால் அதற்கடியில். முறிந்த சத்தம் கரையில் நின்ற எனக்குக் கேட்டது.

மற்றவர்கள் அவரை இழுத்தெடுக்க ஓடினார்கள். நான் குதிரையைத் தட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் பறந்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டை நெருங்கும்போது குதிரையை நடக்கவிடுவோம். நாலுகால் பாய்ச்சலில் வாசலுக்கு வருகிறவன் சாவுச் செய்தியோடு வருகிறான் என்று அர்த்தம். பால் வாளியோடு வெளியே வந்த அவர் மனைவி ரிஸ்தி அக்கா என்னைப் பார்த்தார். வாளி விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒப்பாரி கிளம்பிவிட்டது.

"அக்கா, உயிரோட இருக்காரு! காலுதான்!" என்று கத்தினேன்.

"பாவி, அப்ப ஏண்டா இப்படி வந்தே? உயிரோட இருக்கற மனுசனுக்கு என்னை அழ வெச்சுட்டியேடா!"

அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வைத்தியர் மாவுக்கட்டுப் போட்டு, நாலு மாதம் குதிரையேறக் கூடாது என்றார். மூன்றாம் நாள் முதலாளி எர்கெபுலான் வண்டியில் வந்தார். நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. நான் அடுப்புக்குச் சாணி வரட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"வீடு வேலை செய்றவனுக்குக் கட்டினது. வெள்ளிக்கிழமை வேற ஆள் குடும்பத்தோட வர்றான். உங்க சாமானை ஏத்த லாரி நானே அனுப்பறேன்," என்றார், பெரிய உதவி செய்பவர்போல.

"இந்தக் குளிர்ல ரெண்டு பொட்டப்புள்ளைங்களோட எங்க போவோம் முதலாளி? உங்க மாட்டுக்காகத்தானே கால் போச்சு?" என்றார் ரிஸ்தி அக்கா.

"விழுந்தது குதிரை. நானா தள்ளிவிட்டேன்?"

"லாடம் நீங்கதான் வாங்கித் தரல," என்றேன்.

"நீ மாட்டைப் பாரு தொக்தார்," என்றார் அவர். சபர்காலி அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வியாழன் காலை மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, வைக்கோல் கொட்டகையில் ஆறு பேரும் உட்கார்ந்தோம். எதிர்த்து நிற்கக்கூடத் தெம்பு வேண்டுமே. உடம்பில் அது இல்லை.

"இன்னிக்கு அவரு காலு. நாளைக்கு யாரு காலோ," என்றான் முகித். இந்த முறை அவன் கேலி செய்யவில்லை. "குதிரை முதலாளியோடது. ஆனா சேணம்? நாம சம்பாதிச்சது, நம்ம அப்பனுங்க கொடுத்தது. அதை எடுத்துக்கிட்டா எவன் ஏறுவான்?"

"சொன்னா அவரு காதுல ஏறாது," என்றார் ஒருவர்.

"ஏறும். அன்னிக்கு நான் ரிஸ்தி அக்கா வீட்டுக்குப் போன மாதிரி போவோம்," என்றேன்.

நடுப்பகலில் கிளம்பினோம். ஆற்றில்தான் வழுக்கும்; பனி மூடிய புல்வெளியில் குதிரை ஓடும். ஆறு குதிரைகளும் நாலுகால் பாய்ச்சலில் முதலாளி வீட்டு வாசலுக்கே போய் நின்றன. அவர் தலையில் தொப்பி இல்லாமல், ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு ஓடிவந்தார். உள்ளே அவர் மனைவி அலற ஆரம்பித்திருந்தாள். அந்த அம்மாளை அழவைத்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். வேறெதற்கும் இல்லை.

"யாரு? யாரு போயிட்டாங்க? சொல்லுங்கடா!"

"இன்னும் யாரும் போகல," என்றேன். "நாளைக்கு அந்தக் குடும்பத்தை வெளியே தள்ளினா உயிர் போகும். அதான் முன்கூட்டியே சொல்ல வந்தோம்."

வெளிறியிருந்த முகம் சிவந்தது. "இதுல விளையாடுவீங்களாடா? மனுசனா நீங்க?"

"இப்ப உங்க நெஞ்சு அடிச்சுக்குதே, அது ரிஸ்தி அக்காவுக்கு மூணு நாளா அடிச்சுக்குது முதலாளி. கால் ஆறுற வரைக்கும் அண்ணன் அந்த வீட்டுலதான் இருப்பாரு. எல்லாக் குதிரைக்கும் முள் லாடம் வேணும். அதுவரைக்கும் நாங்க ஏற மாட்டோம்."

"மாடு தண்ணியில்லாம சாகட்டுமா?"

"மாடு என்ன பாவம் பண்ணுச்சு? நடந்தே போய்க் குழி வெட்டுவோம். சனிக்கிழமை ரயிலடிக்கு இருநூறு உருப்படி ஓட்டணுமே, அதுக்கு வேற ஆளைப் பாருங்க."

"ஆறு பேருக்கும் சேர்த்து லாரி அனுப்ப எனக்குத் தெரியும்!"

"ஏழு வீடு முதலாளி. பெரிய லாரியா அனுப்புங்க," என்றான் முகித்.

இறங்கிச் சேணங்களை அவிழ்த்தோம். குதிரைகளின் முதுகில் ஆவி பறந்தது. அவர் வீட்டுக் கொட்டிலிலேயே அவற்றைக் கட்டி, வியர்வையைத் துடைத்துவிட்டோம். சேணங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு, முழங்கால் புதையும் பனியில் நாலு கிலோமீட்டர் நடந்தோம். லாரி வராது என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்கும் என்ன நடக்கும் என்று தெரியாது. தோள் கழன்று விடும்போல வலித்தது. ஆனாலும் யாரும் பின்தங்கவில்லை.

சபர்காலி அண்ணன் வீட்டு வாசலில் ரிஸ்தி அக்கா நெற்றியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய மகள் அவர் பாவாடையைப் பிடித்திருந்தாள்.

"யாரும்மா வர்றாங்க?"

"நம்மாளுங்கதான். பயப்படாதே, நடந்துதான் வர்றாங்க," என்றவர் தேநீர்ப் பானையை அடுப்பிலேற்ற உள்ளே போனார்.

லாரி வந்தாலும் எவனும் நுழைய முடியாதபடி, நிலைப்படிக்கு உள்ளே வழியை அடைத்துச் சேணங்களை அடுக்கினோம். சபர்காலி அண்ணன் படுக்கையிலிருந்தே ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கைநீட்டி, சுவரில் தொங்கிய தன்னுடையதைக் காட்டினார்.

"அதையும் எடுத்து அதுங்களோட வைங்கடா."

ஏழாவதை எடுத்து மேலே வைத்தேன்.