எட்டேகால் மணி ரத்தம்

பேருந்துப் பணிமனையில் நடந்த மருத்துவ முகாமில், மெக்கானிக் க்வாடிட்ஸோவிடம் காலை எட்டேகாலுக்கு எடுத்த ரத்தம் அது. புராஸ்டேட் புற்றுநோய்ச் சோதனையில் 5.1 என்று வந்தது; நாலைத் தாண்டினால் சந்தேகம். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். அவருடைய அண்ணன் அந்த நோயில்தான் போனார். அந்த ஆறு வாரமும் இவருக்குச் சோளக்களி தொண்டையில் இறங்கவில்லை.

மஸ்விங்கோ நகர ஆஸ்பத்திரியில் காலையில் ரத்தம் எடுப்பவன் ஒருவன்தான்; அவன் இவருடைய மகளின் புருஷன் முன்யா. அவர்கள் வழக்கப்படி மாமனார் முன்னால் மருமகன் குந்தி உட்கார்ந்து கை தட்டித்தான் வணங்க வேண்டும். மாமனாரின் உடம்பைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. அவனிடம் போயா இந்தச் சமாச்சாரம்? ஆறு வாரம் முடிந்ததும், அவன் வீட்டுக்குக் கிளம்பியபின், மூன்று மணிக்கு நுழைந்து வேறொருவரிடம் கையை நீட்டினார். 4.0 வந்தது. அன்று இரண்டு தட்டு களி தின்றார், பாவம்.

நர்ஸ் சீட்டைப் புரட்டினாள். "முதல்ல எடுத்தது காலைல. இது ஏன் மூணு மணி, பெரியவரே?"

"வேலை இருந்துச்சு, சிஸ்டர்."

"நேரம் மாறினா இந்த எண்ணும் கொஞ்சம் மாறலாங்கறாங்க. இறங்கினது உடம்பாலயா, கடிகாரத்தாலயான்னு நான் எப்படிச் சொல்ல? அதே எட்டேகாலுக்கு வாங்க."

வீட்டில் மனைவி ஷுவாய் விடவில்லை. "பொண்ணுக்குப் பரிசமா மாப்பிள்ளைகிட்ட மாடு வாங்கறப்ப வெட்கம் வரலை. ரத்தம் குடுக்கத்தான் வருதாக்கும்!"

"சும்மா இரு. நாலுதானே? போதும்."

"உங்க அண்ணனும் போதும்னுதான் சொன்னாரு."

அவர் சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவரைக் கண்டதும் முன்யா ஊசியைத் தட்டில் வைத்தான். தரையில் குந்தி, குவித்த கைகளை மெல்லத் தட்டி, "ஷும்பா" என்று குலப்பெயர் சொல்லி வணங்கினான். சீட்டை வாசித்தபின் நிமிரவே இல்லை.

"மாமா... மூணு மணிக்கு வேற ஆள் இருப்பாரு. அப்ப வர்றீங்களா?"

கதவு திறந்துதான் கிடந்தது. அந்த நாலும் மனதுக்குள் இனித்தது. க்வாடிட்ஸோ வாசலை ஒரு தடவை பார்த்தார்.

"மூணு மணிக்கு வந்து பாத்தாச்சு, மாப்பிள்ளை. எந்திரிங்க."

சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டார். முன்யாவின் முதல் குத்து தவறியது. இரண்டாவதில் குழாய் சிவந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"எட்டு பதினேழு," என்றார். "சரியா எழுதுங்க."