நிற்காத சோப்புக் கூடை

சோப்புக் கூடை மறுபடியும் விழுந்து கிடந்தது. வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேராகக் குளியலறையைத்தான் எட்டிப் பார்த்தேன். சோப்பு தண்ணீர் போகிற ஓட்டையின் மேல், ஷாம்பு பாட்டில் மூலையில், கூடை குப்புற. சுவரைக் கவ்விப் பிடிக்க வேண்டிய ரப்பர் கிண்ணங்கள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

கூடை எனக்கா வேண்டும்? நான் சோப்பைத் தரையில் போட்டுக் குளிப்பவள். அது அம்மாவுக்கு. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு அம்மாவால் குனிய முடியாது. போன வாரம் அவள் குளித்துக்கொண்டிருந்தபோதே கூடை பெயர்ந்து, சோப்பு விழுந்து, எடுக்கக் குனிந்தவள் வழுக்கிவிட்டாள். கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்ததால் பிழைத்தாள். அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து கூட்டிப்போகச் சொல்லிவிட்டாள். தம்பி வீட்டில் குளியலறை மாடியில். அம்மாவால் படி ஏற முடியாது. அங்கே போனால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு கட்டிலோடு கிடக்க வேண்டியதுதான். தெரிந்தேதான் போகிறேன் என்கிறாள்.

வீட்டுக்காரர் சுவரில் ஓர் ஆணி அடித்தாலும் காலி செய்ய வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். டைல்ஸ் என்னவோ அவர் பெற்று வளர்த்த பிள்ளை மாதிரி. கூடை விற்ற கடைக்காரனோ, சுவரை நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டினீர்களா என்று என்னைக் கேட்டான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். ஒரு விரல் ரேகைகூட என் கண்ணுக்குத் தப்பாது. எனக்குத் துடைக்கக் கற்றுத் தருகிறான். டைல்ஸில் படிந்திருந்த சோப்பை வினிகர் ஊற்றித் தேய்த்தேன், ஸ்பிரிட்டால் துடைத்தேன், காயவிட்டேன். இரண்டு டைல்ஸ் சேர்கிற கோட்டில் படாமல் நடுவில் வைத்து, உள்ளே காற்றே இல்லாமல் அழுத்தினேன். காலையில் பிடித்து இழுத்தால் சுவரே கூட வந்துவிடும் போலிருக்கும். சாயங்காலம் வந்தால் கீழே கிடக்கும்.

கணவரிடம்தான் எரிந்து விழுந்தேன், வாங்கி வந்தவர் அவர்தானே. பஸ் டிரைவர், விடிவதற்கு முன் போய், மத்தியானம் வந்து குளிப்பார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அம்மாவின் அறைப்பக்கம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கடையில் கரண்ட் போய், எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால், அம்மா ஒரு கையால் வாக்கரைப் பிடித்தபடி இன்னொரு கையால் கூடையைச் சுவரில் அழுத்திக்கொண்டிருக்கிறாள். சுவரெல்லாம் ஈரம்.

"என்னம்மா பண்றே?"

திருதிருவென்று விழித்தாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. காலையில் குளித்ததும் கூடையைக் கழற்றித் தன் கட்டில் மேல் வைத்துக்கொள்வாளாம். மத்தியானம் அவர் குளித்த பிறகு, நான் வருவதற்குள் திரும்ப ஒட்டிவிடுவாளாம். ஈரச் சுவரில் ஒட்டினால் எங்கே நிற்கும், போன வாரம் அவள் குளிக்கும்போது பெயர்ந்ததும் முந்தின நாள் அவளே ஒட்டியதுதான்.

"மாப்பிள்ளை குளிக்கிற இடத்துல என் சாமான் தொங்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். தூங்கிக்கொண்டிருந்த அவர் எழுந்து வந்தார். அவருக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம்.

"தெரிஞ்சுமா வாயைத் திறக்கல?"

"அத்தைகிட்ட போய் இதை எப்படிக் கேக்கறது?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இவளுக்கு மாப்பிள்ளை மேல் மரியாதை, அவருக்கு மாமியார் மேல் மரியாதை. நடுவில் நான் ஒருத்தி பைத்தியக்காரி மாதிரி டைல்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க மரியாதையைத் தூக்கிக் குப்பையில போடுங்க. எங்கம்மா மண்டை உடைஞ்சா மரியாதையா வந்து அள்ளுவீங்களா?"

"நான்தான் ஞாயித்துக்கிழமை போறேனே," என்றாள் அம்மா. "அப்புறம் உங்களுக்கு எந்த இடைஞ்சலும் இருக்காது."

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. என்னைப் பெற்றவள், என் வீட்டுச் சுவரில் ஒரு சோப்பு வைக்கக்கூடத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பல் துலக்குகிற பிரஷ்ஷைக்கூட அவள் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில்தான் வைத்திருந்தாள். தினமும் பார்த்ததுதான், இப்போதுதான் உறைத்தது. சுவரைத் துடைத்துக் காயவைத்துக் கூடையை மறுபடி ஒட்டினேன். அன்றைக்கு இரண்டு பேரோடும் நான் பேசவில்லை.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் கூடைக்குள் அவருடைய ரேசர், ஷேவிங் க்ரீம், சீப்பு. எனக்கு வந்ததே ஆத்திரம். எங்கம்மாவுக்காக உயிரை விட்டு ஒட்டிய கூடையில் இவர் கடை பரப்பியிருக்கிறார். வேலைக்குப் போய்விட்டதால் தப்பித்தார். சாயங்காலம் வந்து உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன்.

வந்து பார்த்தால் கூடை சுவரிலேயே இருந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

"ஏம்மா, இன்னிக்குக் கழட்டலையா?"

அம்மா முகத்தைச் சுளித்தாள். "எப்படிக் கழட்டறது? மாப்பிள்ளை சாமான் எல்லாம் அதுல இருக்கு. அதைப் போய் நான் தொடறதா?"

ஹாலில் அவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே பக்கத்தையே வெகுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். அம்மா கழற்றக் கூடாது என்றுதான் அவர் கடை பரப்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. இதை முதலிலேயே செய்து தொலைத்திருந்தால் அம்மா விழுந்திருக்க மாட்டாளே.

அம்மாவின் தலையணைக்குப் பக்கத்திலிருந்த பையை எடுத்துவந்தேன். பிரஷ்ஷை உருவி, அவருடைய ரேசருக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். நான் போனை அந்தக் கையில் திணித்தேன்.

"தம்பிக்குப் பண்ணு. கார் வேண்டாம்னு நீயே சொல்லு."

அம்மா கூடையையே பார்த்தாள். "திரும்ப விழுந்துட்டா?"

"விழட்டும். வீட்டுக்காரர் கண்ணு முன்னாலேயே இந்தச் சுவத்துல ஆணி அடிக்கறேன்."

அம்மா தம்பியின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.