அரைப் பக்கச் சிங்கம்

ஸ்காபரோவில் தமிழ்க் கடைக்குப் போகிறவர்களுக்கு என் முகம் தெரியாமல் இருக்க வழியில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கடை வாசலில் இலவசமாக அடுக்கி வைக்கிற வாரப் பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில், கோட்டும் ரையுமாகக் கையைக் கட்டிக்கொண்டு அரைப் பக்கத்துக்குச் சிரித்துக்கொண்டிருப்பவன் நான்தான். ஜனார்த்தன். வீடு வாங்க, விற்க. அந்தப் படம் எடுத்து ஒன்பது வருடமாகிறது. அதில் இருக்கிற தலைமயிர் இப்போது என்னிடம் இல்லை. அதைப்பற்றிக் கதைக்க வேண்டாம்.

என் தொழிலில் பொய் சொல்லக்கூடாது. சட்டம் இருக்கிறது. ஆனால் பெருப்பித்துச் சொல்லலாம். கட்டில் போட்டால் கதவு திறக்காத அறையைக் 'கச்சிதமான அறை' என்பேன். நெடுஞ்சாலைச் சத்தத்தில் காது அடைக்கிற வீட்டைப் 'போக்குவரத்துக்கு வசதியான வீடு' என்பேன். வாங்க வருகிறவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும், யாருக்கும் நட்டமில்லை. அந்தப் பழக்கத்தைச் சொந்த வீட்டுக்குள் கொண்டு போனதுதான் நான் விட்ட பிழை.

என் அக்கா கௌசியின் ஒரே மகன் மிதுனன். இருபது வயது. டோர்செட் பார்க்கில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் வளர்ந்தவன். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவன் கையில் பந்து இருந்தது. கீழ்வீட்டுக்காரர் எத்தனையோ தடவை முறைப்பாடு எழுதியிருக்கிறார். எல்லை தாண்டி ஐந்து மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற ஒரு சின்ன அமெரிக்கக் கல்லூரி, கூடைப்பந்துக்காகவே முழுப் புலமைப்பரிசில் கொடுத்து அவனை எடுத்தது. இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு வருடம் இருந்தால் பட்டம்.

ஜூலை மாதம் அவன் வீட்டில் நிற்கும்போதுதான் கிளிபோட் என்ற ஏஜென்ட் தொலைபேசியில் வந்தார். ஜெர்மனியில் இரண்டாம் பிரிவில் விளையாடுகிற ஒரு கழகம் மிதுனனைக் கேட்கிறது. பத்து மாத ஒப்பந்தம், சம்பளம், இருக்க ஓர் அறை. அடுத்த திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் பதில் வேண்டும். கையெழுத்து வைத்தால் திரும்பவும் கல்லூரி அணிக்கு விளையாட முடியாது. புலமைப்பரிசிலும் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதுதான் சண்டை.

"படிப்பை முடிச்சுப்போட்டுப் போகட்டும். பந்து எங்கை ஓடப்போகுது?" என்றாள் அக்கா.

"சந்தை சூடா இருக்கேக்கைதான் விக்கோணும் அக்கா. ரெண்டு வருசத்தாலை ஆர் கேப்பான்?" என்றேன்.

"என்ரை பிள்ளை வீடில்லை, விக்கிறதுக்கு."

அத்தான் பாரவூர்தி ஓட்டுகிறவர். அன்றைக்குக் கல்கரிப் பக்கம் எங்கேயோ நின்றார். தொலைபேசியைப் போட்டோம். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "கௌசி சொல்லுறதைக் கேளுங்கோ" என்று வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அவருடைய கருத்து அதுதான்.

மிதுனன் இடியப்பத்தைச் சொதியில் ஊற வைத்துத் தின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இதை இப்போது எழுதுகிறபோது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா எப்படியும் வழிக்கு வருவாள் என்பது என் கணக்கு. ஊர் அறிந்துவிட்டால் அவளால் பின்வாங்க முடியாது என்பதும் என் கணக்கு. புதன்கிழமை பத்திரிகைக்காரரைக் கூப்பிட்டு, என் அரைப் பக்கத்தில் இந்த வாரம் வேறு விளம்பரம் என்றேன். வெள்ளிக்கிழமை ஐந்தாம் பக்கத்தில் என் படம் ஒரு மூலைக்கு ஒதுங்கியிருந்தது. நடுவில் பந்தும் கையுமாக மிதுனன். மேலே கொட்டை எழுத்தில், 'ஐரோப்பாவை அதிர வைக்கப் புறப்படும் எங்கள் தமிழ்ச் சிங்கம்!' கீழே, 'வாழ்த்தும் மாமா ஜனார்த்தன்' என்றும் என் தொலைபேசி எண்ணும். எண், சிங்கத்தை விடக் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

அன்று மத்தியானம் மிதுனன் அம்மாவுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போயிருக்கிறான். கடைக்கார இரத்தினவேல் அண்ணை கல்லாவை விட்டு எழும்பி வந்து கட்டிப்பிடித்தாராம். வரிசையில் நின்றவர்கள் படம் எடுத்தார்களாம். ஒரு அன்ரி தன் பேரனைத் தூக்கி இவன் கையில் கொடுத்தாராம், உயரம் ஒட்டட்டும் என்று. கறிவேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை.

அரை மணித்தியாலத்தில் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. "மாமா, எங்கை நிக்கிறீங்கள்?"

நான் வெக்ஸ்போர்டில் ஒரு வீடு காட்டி முடித்துக் காருக்குள் இருந்தேன். பஸ்ஸில் வந்து இறங்கி, பக்கத்து இருக்கையில் முழங்கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு ஏறினான். கறிவேப்பிலைப் பை மடியில் இருந்தது. நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

"ஆரைக் கேட்டு இந்த விளம்பரத்தைப் போட்டனீங்கள்?"

"ஏன்ரா, நல்லாத்தானே வந்திருக்கு?"

"மாமா, லிஸன். ப்ளீஸ், ஜஸ்ட் லிஸன்." அவன் என்னைப் பார்க்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் அவ்வளவு குட் இல்லை."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"டிசம்பர் வரைக்கும்தான் விளையாடினனான். பிறகு முதல் வருசப் பெடியன் ஒருத்தனை என்ரை இடத்திலை போட்டிட்டினம். அவன் என்னை விட பெட்டர், அது ஃபெயர்தான். அடுத்த வருசம் இன்னொருத்தனும் வாறான், ஆறடி ஆறு. கோச் என்னைக் கூப்பிட்டு நேராச் சொன்னவர், நீ ரீமிலை இருக்கலாம், ஆனா விளையாட இறங்காமல் ஓரத்து வாங்கிலைதான் இருப்பாய் எண்டு. ரெண்டு வருசம் வாங்கிலை இருந்து கைதட்டினால் டிகிரி கிடைக்கும். அம்மாவுக்கும் சந்தோசம்."

"அப்ப ஜெர்மனி?"

"டிசம்பருக்கு முந்தின வீடியோவைப் பாத்துத்தான் கேக்கினம். ரெண்டு வருசத்தாலை காட்ட வீடியோவே இராது. இப்ப போகாட்டி இனி இல்லை மாமா. அது ஒண்டும் பெரிய இடமில்லை. சின்ன ஊர். ஜிம்மிலை முந்நூறு பேர் இருந்தால் பெரிய காரியம். பட் தே வில் ப்ளே மீ." அவன் கறிவேப்பிலைப் பையை முறுக்கினான். "எனக்கு விளையாட விருப்பம். அவ்வளவுதான்."

"பிறகென்ன, போவன்ரா!"

"எப்பிடிப் போறது? சிங்கம் எண்டு போட்டிட்டீங்கள். ஒரு வருசத்தாலை திரும்பி வந்தனெண்டால் கடையிலை கேப்பினம், சிங்கத்துக்கு என்ன நடந்தது எண்டு. என்னட்டைக் கேக்க மாட்டினம். அம்மாட்டைத்தான் கேப்பினம். நான் திங்கட்கிழமை வேண்டாமெண்டு கிளிபோட்டுக்கு எழுதப் போறன்." கதவைத் திறந்தவன் திரும்பிச் சொன்னான்: "அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. அவ நான் பெரிய ஆளெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

காரில் கறிவேப்பிலை வாசம் நின்றது. அவனுக்கு ஒரு சின்ன ஆசை இருந்திருக்கிறது. யாருக்கும் இடைஞ்சல் இல்லாத, கையில் பிடிக்கக்கூடிய ஆசை. அது என் கண்ணுக்குப் படவில்லை. வீட்டு விளம்பரம் எழுதுகிற அதே கையால் அதை ஊதிப் பெருப்பித்து, அவனே உள்ளே நுழைய முடியாதபடி செய்துவிட்டேன்.

அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றவன் யாரிடம் சொன்னான் என்பதையும் கவனிக்க வேண்டும். என் வாயில் ஒரு சங்கதி இரண்டு நாள் தங்கியதே பெரிது. ஞாயிற்றுக்கிழமை பதினோராம் மாடிக்குப் போனேன். மிதுனன் கீழே பந்து தட்டிக்கொண்டிருந்தான். யன்னல் வழியாகச் சத்தம் கேட்டது. அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அடுத்த நாளுக்கான சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் என்னோடு கதைக்கவில்லை.

"அக்கா, ஒண்டு சொல்லுறன், தாங்கிக்கொள்ளு. எங்கடை பெடியன் நாங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய விளையாட்டுக்காரன் இல்லையாம்."

அவள் சீருடையைத் திருப்பிப் போட்டாள். "உது எனக்குத் தெரியும்."

"என்ன?"

"அவன் கிரேட் பத்து படிக்கேக்கையே தெரியும். நீ ஒரு மட்ச் பாத்திருக்கிறியே? படம் எடுக்க மட்டும் வருவாய். நான் எல்லாம் பாத்தனான். இவன் கெட்டிக்காரன்தான். ஆனால் எங்கை போனாலும் இவனை விடக் கெட்டிக்காரர் ரெண்டு பேர் நிப்பினம். இந்த வருசம் கடைசி நாலு மட்சுக்கும் அஞ்சு மணித்தியாலம் ஓடிப் போனனான். பெடியன் மேலங்கி கழட்டேல்லை. எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து வருகினம், இவன் காய்ஞ்ச சட்டையோடை வந்து, அம்மா சாப்பிட்டனீங்களோ எண்டு கேக்கிறான். காலிலை நோவெண்டு சாட்டுச் சொன்னவன், நானும் நம்பின மாதிரி நிண்டனான்." இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கண் கலங்கியிருந்தது. "எனக்குச் சொல்ல மனம் வரேல்லை ஜனா. அவன் தன்னைப் பெரிய ஆளெண்டு நினைச்சு, எங்கையோ போய் விழுந்து போவான் எண்டுதான் படி படி எண்டு நிண்டனான்."

"அவனுக்குத் தெரியும் அக்கா. அவன்தான் எனக்குச் சொன்னவன். உனக்குத்தான் தெரியாதெண்டு நினைக்கிறான்."

அக்கா இஸ்திரிப்பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். அவன் காரில் சொன்ன மற்றதையும் சொன்னேன், முந்நூறு பேர், வீடியோ, சிங்கம், எல்லாம். அவள் யன்னலடிக்குப் போய்க் கீழே பார்த்தாள். பிறகு தலையை வெளியே நீட்டி, அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கக் கத்தினாள்: "மிது! மேலை வா!"

அவன் பந்தோடு வந்து வாசலில் நின்றான். என்னைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. நான் நிலத்தைப் பார்த்தேன்.

"போறதுக்கு விருப்பமோ?" அக்கா கேட்டாள். இதைப்பற்றி அந்த வீட்டில் ஒருவர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ஓம்."

"உன்ரை அளவு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும் அம்மா."

"அப்ப எனக்கென்ன பயம்? போ. ஒண்டு ரெண்டு வருசம் விளையாடு. பிறகு வந்து இஞ்சை ஒரு யூனிவர்சிற்றியிலை மிச்சத்தைப் படிச்சு முடி. பட்டத்தை நாப்பது வயசிலையும் எடுக்கலாம். என்னோடை வேலை செய்யிற றோசலின் இப்ப எடுக்கிறா. நாப்பது வயசிலை உன்னைப் பந்து விளையாட ஆர் கூப்பிடுவினம்?"

"ஆக்கள் கேப்பினமே, பிறகு..."

"கேக்கிறாக்களை மாமாட்டை அனுப்பிவிடு. அவர்தானே போட்டவர்."

அவன் பந்தைக் கீழே வைத்துவிட்டு அக்காவைக் குனிந்து கட்டிப்பிடித்தான். அக்கா அவன் நெஞ்சுக்குள் காணாமல் போனாள். திங்கட்கிழமை காலையில் கிளிபோட்டுக்கு 'ஓம்' போனது.

எனக்கு ஒரு வேலை மிச்சம் இருந்தது. அடுத்த வாரமும் அரைப் பக்கம் என்னுடையதுதான். நான் சொல்லச் சொல்ல எழுதிய பத்திரிகைக்காரர் இரண்டு தடவை நிறுத்தி, "உண்மையாத்தான் சொல்லுறியளோ?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ஐந்தாம் பக்கத்தில் என் படம் இல்லை, எண்ணும் இல்லை. இவ்வளவுதான் இருந்தது:

'திருத்தம். போன வாரம் என் மருமகன் மிதுனனைச் சிங்கம் என்று போட்டிருந்தேன். அவன் சிங்கமில்லை. நன்றாகக் கூடைப்பந்து விளையாடும் பெடியன். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரின் அணிக்கு விளையாடப் போகிறான். ஐரோப்பா அதிராது. ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பி வந்து படிப்பான். அப்போது அவனைக் கண்டால் என்ன நடந்தது என்று கேட்க வேண்டாம். எப்படி விளையாடினாய் என்று கேளுங்கள். இப்படிக்கு, மாமா.'

"உனக்கென்ன விசரே?" என்று இரத்தினவேல் அண்ணை தொலைபேசியில் ஏசினார். இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனபோது அந்தப் பக்கத்தை வெட்டிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். நான் அதைக் காணாத மாதிரி உப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒக்ரோபர் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். அக்கா வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு வீட்டில் நின்றாள். கழகத்தின் இணையப்பக்கத்தில் மட்ச் போனது. அதைத் தொலைக்காட்சியில் போட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் இருந்தோம். ஒரே ஒரு கமெரா. அறிவிப்பாளர் மிதுனனின் பெயரை மூன்று விதமாகச் சொன்னார், மூன்றும் பிழை. நான் முழுசாகப் பார்த்த அவனுடைய முதல் மட்ச் அது. ஓடினான், விழுந்தான், எழும்பினான், எறிந்தான், தவற விட்டான், திரும்பவும் ஓடினான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா முன்னுக்குச் சாய்ந்து, கை இரண்டையும் முழங்காலுக்குள் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

ஒன்பது புள்ளியால் தோற்றார்கள்.

பத்து நிமிடத்தில் அக்காவின் தொலைபேசியில் அவன் முகம் வந்தது. இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "அம்மா, பாத்தனீங்களே? தோத்திட்டம்."

"பாத்தனான்."

"கடைசிலை ரெண்டு ஷொட் தவற விட்டிட்டன்."

"அதுவும் பாத்தனான்."

அக்கா தொலைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அவன் தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. நாடியிலிருந்து வேர்வை சொட்டியது. சட்டை தோளோடு ஒட்டிக் கறுத்துப்போயிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை. நல்லா நனைஞ்சு போய் நிக்கிறாய். கெதியா மாத்து, சளி பிடிச்சிடும்," என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத் தொலைபேசியை என் கையில் தந்தாள், தான் அழுவதற்கு.