மாமாவிடம் கேட்ட மன்னிப்பு

முதல் நாள் என் அறைக்குள் நுழைந்த கையோடு அவள் மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். சீக்கிரமே வந்துவிட்டதற்கு ஒன்று, நாற்காலி கிறீச்சிட்டதற்கு ஒன்று, அழுததற்கு ஒன்று. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் அப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனால் பிடிக்காததைப் பிடித்தது என்று சொல்ல எனக்கு வராது.

பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்த வீடுகளில், அதைத் தடுக்காமல் விட்ட பெரியவர்களிடம் பேசுவது என் வேலை. பிள்ளைகளோடு பேசுகிறவர் அடுத்த அறையில் இருக்கிறார். அவருக்குப் பொம்மைகள், வண்ணப் பென்சில்கள், தரைவிரிப்பு எல்லாம் உண்டு. எனக்கு நாலு நாற்காலி, ஒரு மேசை, ஒரு டிஷ்யூ பெட்டி, ஒழுகுகிற ஏசி. ஏசிக்குக் கீழே வாளி வைத்திருக்கிறோம். அழுகிறவர்கள் நடுவில் மூச்சு வாங்கினால் அதில் தண்ணீர் சொட்டுவது கேட்கும்.

அவளுக்கு வாஷிங் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கி, மன்னிப்புக் கேட்பாள். மெஷின் ஓடாததற்கு அவளா பொறுப்பு? இருந்தாலும் கேட்பாள். கேட்கக் கேட்க எதிராளி இறங்கி வருவான். கடைசியில் 'பரவாயில்லம்மா' என்று போனை வைப்பான். அத்தோடு அந்தப் புகார் முடிந்தது.

கணவன் விட்டுவிட்டுப் போனபின் அவளுக்குத் துணையாக நின்றது கூடப்பிறந்த அண்ணன். பள்ளி விட்டதும் மகளைக் கூட்டிவந்து, இவள் வீடு திரும்பும்வரை பார்த்துக்கொண்டது அவன்தான். இப்போது அவன் சிறையில் இருக்கிறான். மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் 'வாலு' என்று கூப்பிடுவார்களாம். அந்தப் பெயருக்கு ஏற்ற எதையும் நான் அவளிடம் பார்க்கவில்லை. கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பெண். மாமா செய்ததை அவள் வகுப்பு டீச்சரிடம்தான் சொன்னாள், அம்மாவிடம் இல்லை.

அதுதான் தாயின் நெஞ்சை அறுத்தது. "என்கிட்ட ஏன் மேடம் சொல்லல?" என்று வாராவாரம் கேட்பாள். கூடவே ஒரு வேண்டுகோளும் வரும்: மகளிடம் ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்க வேண்டும், அவள் வாயால் 'பரவாயில்லம்மா' என்று வர வேண்டும், அது போதும். நான் இழுத்தடித்தேன். இதையும் ஒரு புகாராக முடித்து வைக்கப் பார்க்கிறாள் என்று எனக்கு எரிச்சல்.

ஒரு நாள், மகள் மாமாவிடம் எப்படிப் பழகினாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். நல்லபடியாகத்தான் என்றாள். ஒரே ஒரு முறைதான் மரியாதை இல்லாமல் நடந்துகொண்டாளாம். இவள் வேலை முடிந்து வந்தபோது அண்ணன் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வாலு கடித்ததில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. டிவியை அணைத்ததற்குக் கோபம் என்று அண்ணன் சிரித்தான். குழந்தைதானே, விடு என்றான். இவள் விடவில்லை.

"மன்னிப்புக் கேக்க வச்சேன் மேடம். மொதல்ல முணுமுணுத்தா. சத்தமா கேளுன்னேன். மாமா மொகத்தப் பாத்துக் கேளுன்னேன். கேட்டா. அவன் பரவாயில்லன்னு சொல்லி தலையத் தடவினான்."

வாளியில் தண்ணீர் சொட்டியது.

"அவ அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டா, இல்ல?"

ஆமாம் என்றேன். அன்று அவள் அழுததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அவளைத் தேற்ற எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளை வெறுக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் மகளிடம் மன்னிப்புக் கேட்பதற்கு ஒத்திகை பார்த்தோம். நான் மகளாக உட்கார்ந்தேன். ஒன்பது வயதுக்கு நான் கொஞ்சம் பருமன்தான், அவளே ஒரு தடவை சிரித்துவிட்டாள். முதலில் ஆபீஸ் குரலில் ஆரம்பித்தாள். அடுத்த தடவை, அம்மாவுக்குத் தெரியாதுடி என்றாள். அதற்கடுத்த தடவை என் கையைப் பிடித்து அழுது, அம்மாவ மன்னிச்சிடு, சரியா என்றாள். எதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் 'சரியா' என்று கேட்டால் அவள் சரி என்றுதான் சொல்லுவாள், அப்படித்தானே வளர்த்திருக்கிறீர்கள் என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன்.

"அவகிட்டேருந்து எதையும் வாங்கப் பாக்காதீங்கம்மா. அழுதுகூட வாங்கக் கூடாது. சொல்லிட்டு சும்மா இருக்கணும்."

"அவ மன்னிக்கலன்னா?"

"மன்னிக்கல. அவ்வளவுதான்."

முதல்முறையாக அவளுக்குக் கோபம் வந்தது. அப்புறம் நான் எதுக்கு வாராவாரம் இங்க வந்து சாகணும் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வந்தாள்.

அன்று மகளை என் அறைக்கு அழைத்தோம். பொம்மை அறைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வாலு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"அன்னிக்கு மாமாவக் கடிச்சியே, நீ பண்ணதுதான் சரி," என்றாள் தாய். "நான் என்ன ஏதுன்னு உன்னக் கேக்கல. இழுத்துட்டுப் போய் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்க வச்சேன். தப்பு பண்ணது நான்."

"பரவாயில்லம்மா."

குழந்தை யோசிக்கவே இல்லை. பணிவான, தெளிவான குரல். அப்படியே அம்மாவின் ஆபீஸ் குரல். தாய் ஏங்கிக் கிடந்த வார்த்தை இதோ வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் அவளை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவள் என்னைப் பார்த்தாள்.

"இல்லடா," என்றாள் மகளிடம். "பரவாயில்லன்னு நீ சொல்ல வேணாம்."

வாலு நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லலன்னா?"

"சொல்லலன்னாலும் நான் உங்கம்மாதான். எங்கயும் போக மாட்டேன்."

குழந்தை ஷூ நுனியால் மேசைக்காலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். யாரும் தட்டாதே என்று சொல்லவில்லை.

"அப்ப இப்ப சொன்னதத் திருப்பி வாங்கிக்கவா?"

தாயின் கை டிஷ்யூ பெட்டிப் பக்கம் போய், எடுக்காமல் மடிக்கே திரும்பியது.

"வாங்கிக்கோ."

"மாமாகிட்ட சொன்னதையும்?"

"அதையும் வாங்கிக்கோ."

எழுந்து அம்மாவைக் கட்டிக்கொள்வாள் என்று நான்கூட ஆசைப்பட்டேன். கட்டிக்கொள்ளவில்லை. நாற்காலி கிறீச்சிடப் பின்னால் தள்ளிவிட்டு, யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் பொம்மை அறைக்குப் போய்விட்டாள். தாய் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.