சாகாத மருமகன்

"விழா முடிஞ்ச கையோடை நீ சுன்னாகத்துக்குப் பெரியம்மா வீட்டை போயிடு, பிள்ளை. நானே சைக்கிளிலை கொண்டுபோய் விடுறன்."

பஞ்சலிங்கம் கண்ணாடி முன்னால் நின்று சால்வை மடிப்பைச் சரிபார்த்தபடி சொன்னார். கண்ணாடிக்குள்ளே மூத்த மகள் ஞானாம்பிகையும் தெரிந்தாள். அவளை நேரே பார்க்காமல் இப்படியொரு வசனத்தைச் சொல்லி முடிக்க அது வசதியாக இருந்தது.

"ஏனய்யா?"

"நாளைக்குத் தங்கச்சியின்ரை கல்யாணத்துக்குக் கன்னிக்கால் ஊண்டுறது. சுமங்கலியள் சேர்ந்து தண்ணி வார்க்கிற காரியம். மாப்பிள்ளையின்ரை தாயும் வாறா. சகுனம் பாக்கிற நேரம் முழுவியளத்துக்கு நீ முன்னாலை நிண்டா அவ என்ன நினைப்பா?"

"பின்னேரம் மேடையிலை என்னை நடுக்கதிரையிலை இருத்தி மாலை போடப் போறியள். விடிஞ்சா நான் ஆகாதவளோ?"

"அது பொது விசயம். இது வீட்டு விசயம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதை."

அடுப்படியிலிருந்து இளையவள் மீனாம்பிகையின் குரல் வந்தது. "அக்கா நிக்காட்டி எனக்குக் கன்னிக்காலும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம்!"

"வாயைப் பொத்தடி!" என்றாள் தாய் நல்லம்மா. மா அரிக்கும் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு முன்னைவிட வேகமாகத் தொடர்ந்தது.

பஞ்சலிங்கம் இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்ரர். குடாநாட்டில் ரயில் நின்று மூன்று வருசமாகிவிட்டது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குக் கூரையாகப் போய்விட்டன. ஆனாலும் மனுசன் தெருவில் நடந்து வந்தால், ஏதோ ஒரு மெயில் வண்டி இவருடைய பச்சைக்கொடிக்காகக் காத்து நிற்பது போலத்தான் இருக்கும். கொடி காட்ட ஒன்றுமில்லாமல் தவித்தவருக்குக் கடவுளாகப் பார்த்துக் கொடுத்தது, 'தியாகிகள் குடும்ப கௌரவிப்புச் சபை'யின் தலைவர் பதவி.

அந்தப் பதவிக்கு அவரிடமிருந்த ஒரே தகைமை மருமகன். ஞானாம்பிகை இயக்கப் பெடியன் குகதாசனை விரும்பிக் கட்டியபோது, தலையில் இடி விழுந்தவர் மாதிரி ஒரு கிழமை பாயைவிட்டு எழும்பாமல் கிடந்தார். அவன் உயிரோடு இருந்தவரைக்கும் அவருக்கு அவன் "உவன்". "உவன் வாறானோ? அப்ப நான் கோயிலடிக்குப் போட்டு வாறன்" என்று சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தொண்ணூற்றொன்றாம் ஆண்டுச் சண்டையில் குகதாசன் விழுந்தான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு கழிவதற்குள் "என்ரை மருமகன்" ஆனான். சபை தொடங்கியதும் "எங்கடை மருமகன்" ஆகி, ஊருக்கே பொதுவானான். படத்தைப் பெருப்பித்து முன்விறாந்தையில் மாட்டினார்கள். அந்த விறாந்தையில் உயிரோடு இருந்த குகதாசனுக்கு ஒரு கதிரை கிடைத்ததில்லை.

விழாவில் குத்துவிளக்கை யார் ஏற்றுவது என்று சபை ஒரு பின்னேரம் முழுக்க விவாதித்திருந்தது. தியாகியின் மனைவி ஏற்றுவாள் என்று அழைப்பிதழில் அச்சடித்தாயிற்று. ஆனால் தாலியில்லாதவள் விளக்கேற்றினால் ஊருக்கு என்னாகும்? கடைசியில் செயலாளர் ஆழ்வாப்பிள்ளைதான் வழி கண்டுபிடித்தார்.

"மாஸ்ரர், உங்கடை மனிசி ஏத்தட்டும். மகள் பக்கத்திலை நிண்டு கையைக் கூப்பட்டும். தூரத்திலை இருக்கிற சனத்துக்கு ஆர் ஏத்தினதெண்டு விளங்கவோ போகுது?"

தலைக்குமேல் விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போகும் ஊரில், ஒரு பெண் தீக்குச்சி உரசுவதுதான் பெரிய ஆபத்தாகப் பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அன்று பின்னேரம் வாசிகசாலை முற்றம் நிறைந்திருந்தது. கரண்ட் இல்லாதபடியால் ஒலிபெருக்கி உழவு மெசினின் பற்றறியில் முனகியது. முன்வரிசையில் இயக்கப் பெடியள் சிலர். அவர்களுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய். சம்பந்தியம்மாவுக்கென்று நல்ல இடமாகப் பார்த்துப் பஞ்சலிங்கம் தன் கையாலேயே கதிரை போட்டிருந்தார்.

வாசலில் நின்ற பெட்டையள் ஞானாம்பிகைக்குப் பன்னீர் தெளித்தார்கள். சந்தன குங்குமத் தட்டு மட்டும் அவளுக்கு முன்னால் ஒருகணம் தடுமாறி, பின்னால் வந்த ஆழ்வாப்பிள்ளையிடம் போய்விட்டது. பிறகு அதை மேடை மேசையில் கொண்டுபோய் வைத்தார்கள். தீர்மானத்தின்படி நல்லம்மா விளக்கை ஏற்றினாள், ஞானாம்பிகை கைகூப்பினாள். கழுத்தில் மாலை விழுந்தது.

பஞ்சலிங்கம் மைக்கைப் பிடித்தார்.

"பேரன்புமிக்க சபையோரே! என் மருமகன் இறந்துவிட்டான் என்று யார் சொன்னது? அவன் சாகவில்லை!"

கைதட்டல்.

"இதோ, இந்த மேடையில் என் மகளுக்குப் பக்கத்தில் இருக்கிறான்! அவன் சாகவில்லை!"

இன்னும் பெரிய கைதட்டல். இத்தனை கைதட்டலை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அதனால் மூன்றாவது தரமும், சால்வை நழுவ, "சாகவே இல்லை!" என்று முழங்கினார்.

மடியையே பார்த்துக்கொண்டிருந்த ஞானாம்பிகை எழும்பினாள். மேசையடிக்குப் போனாள். தட்டிலிருந்த குங்குமத்தை விரலால் தொட்டு, நெற்றியில் வட்டமாக வைத்துக்கொண்டு, திரும்பி வந்து இருந்தாள்.

பஞ்சலிங்கம் மைக்கைக் கையால் பொத்தினார்.

"அழி பிள்ளை! இதென்ன கூத்து? சம்பந்தியம்மா பாக்கிறா!"

"நீங்கள்தானேயய்யா சொன்னியள், அவர் சாகேல்லையெண்டு. பொய்யெண்டா மைக்கிலை சொல்லுங்கோ. உடனை அழிக்கிறன்."

பஞ்சலிங்கம் மைக்கைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த பெடியளைப் பார்த்தார். நாற்பது வருச உத்தியோகத்தில் எத்தனையோ வண்டிகளை மறித்தவருக்கு, தன் வாயால் விட்ட இந்த ஒன்றை மறிக்க வழி தெரியவில்லை.

இதுவும் நிகழ்ச்சியில் ஒரு அங்கம் என்று நினைத்தோ என்னவோ, முன்வரிசைப் பெடியன் ஒருவன் கைதட்டினான். மற்றவர்கள் தட்டினார்கள். சனம் தட்டியது. அந்த வரிசையில் இருந்துகொண்டு கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் சம்பந்தியம்மாவும் தட்டினார்.

ஆழ்வாப்பிள்ளை காதுக்குள் வந்தார். "மாஸ்ரர், அடுத்தது மௌன அஞ்சலி. வைக்கிறதோ, விடுறதோ?"

"தேத்தண்ணியைக் குடுக்கச் சொல்லும்" என்றார் பஞ்சலிங்கம்.

சீனி கிடைக்காத காலம். வெறுந்தேத்தண்ணியும் கடிக்க ஒரு துண்டு பனங்கட்டியும் வந்தன. சம்பந்தியம்மா சனத்தை விலக்கிக்கொண்டு மேடையடிக்கு வந்தார். குரல் பனங்கட்டியைவிட இனிப்பாக இருந்தது.

"எனக்கொரு சந்தேகம், மாஸ்ரர். அப்ப வாற மாசம் மருமோனுக்குத் திவசம் இல்லையோ?"

சுற்றி நின்றவர்கள் கோப்பையை வாயில் வைத்தபடியே காதைக் கொடுத்தார்கள். பஞ்சலிங்கம் வானத்தை அண்ணாந்து பார்த்தார். இந்த நேரம் பார்த்து ஒரு விமானம் வந்தாலாவது எல்லோருமாக விழுந்து படுக்கலாம். வரவில்லை.

ஞானாம்பிகைதான் பதில் சொன்னாள்.

"திவசம் இருக்கு, மாமி. நான்தான் செய்யிறன். நாளைக்குத் தங்கச்சியின்ரை கன்னிக்காலுக்கும் நான்தான் முதல் தண்ணி வார்ப்பன். செத்தது அவர். நானில்லை."

சொல்லிவிட்டுத் தட்டத்திலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, இரண்டு கையாலும் சம்பந்தியம்மாவிடம் நீட்டினாள்.

கோப்பை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பஞ்சலிங்கம் பார்த்துக்கொண்டு நின்றார். முன்வரிசை பார்த்தது. ஊர் பார்த்தது.

சம்பந்தியம்மா வாங்கிக் குடித்தார்.