கோப்பின் முதல் தாள்

...தண்ணீர் பார்த்தாகிவிட்டது, மழையில் போய்ப் பார்த்தாகிவிட்டது, வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குப் போட்டு வாங்கியாகிவிட்டது, அப்படியும் எதையோ பார்க்காமல் விட்டுவிட்டோம் என்கிற நினைப்பு பூபாலனை விடவில்லை, வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்த பிறகு கேஸை மூடினோமா என்று தோன்றுமே, அந்த மாதிரி. பத்திரப்பதிவு அலுவலக வராந்தாவில் பெஞ்சு கிடைத்ததே பெரிசு. அவனுடைய டோக்கன் இருபத்தொன்று, உள்ளே பதினாறு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அன்பரசி, போன பொங்கலுக்கு எடுத்துக் கட்டாமலேயே வைத்திருந்த கத்திரிப்பூக் கலர் புடவையில், மடியில் ஸ்வீட் டப்பாப் பையோடு. கையெழுத்து ஆனதும் எல்லாருக்கும் கொடுக்க வேண்டுமாம். அவன் மடியில் கோப்பு. கோப்புக்குள் செக் ஷீட். பதினாலு வருஷமாக அவனுக்கு அதுதான் வேலை, சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் வரிசையாக டிக் போட வேண்டும், எண்ணெய் அளவு, காற்றழுத்தம், பாதுகாப்புக் கதவு, ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மெஷினை ஓட்டக் கூடாது, ஓட்டினால் விரல் போகும், போனவர்களை அவன் பார்த்திருக்கிறான். வீடு வாங்கவும் அதே மாதிரி ஒரு தாள் போட்டான். பதினோரு கேள்வி, பதினோரு டிக். ஒன்றும் காலியில்லை. அப்புறம் எதற்கு இந்தக் குடைச்சல்?

வீடு மாமல்லபுரத்துக்கு மேற்கே, கடற்கரைச் சாலையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. இரண்டு அறை, ஒரு ஹால், மேலே தண்ணீர்த் தொட்டி. கட்டி நாலு வருஷமாகியும் ஒருத்தரும் குடிவரவில்லை, சுவிட்சுகளின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் கூட உரிக்கப்படவில்லை. மகனுக்காகக் கட்டினாராம் விற்கிறவர் தனகோடி, மகன் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டானாம், புரோக்கர் மோகன் சொன்னது. சுற்றிலும் மனைகள், எல்லைக்கல் நட்டது, பாதிக் கல் சாய்ந்து கிடந்தது, மின்கம்பம் அந்த வீட்டோடு நின்றுவிட்டது. பூபாலன் ஏழு தடவை போனான். கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் கொட்டியபோது வாசலில் எத்தனை விரற்கடை தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பதற்காகவே லீவு போட்டுவிட்டுப் போனான். நிற்கவில்லை. அங்கேதான் அந்த அம்மா, சந்திரம்மா, யூரியா சாக்கைத் தலைக்குக் கூம்பாகப் போட்டுக்கொண்டு நாலு ஆட்டோடு வீட்டுச் சன்ஷேடுக்குக் கீழே ஒதுங்கியிருந்தது. தண்ணி நிக்குமா ஆயா என்று கேட்டான், நிக்காது என்றது, நீ எந்தூரு, யாரு வூட்டுப் புள்ள என்று கேட்டது. அவன் ஊரைச் சொன்னான், ஊரென்றால் ஊர் இல்லை, காலனி, காலனிப் பெயரையே சொன்னான், அப்பா பெயரையும் சொன்னான். அந்த அம்மா அவனைக் கால் முதல் தலை வரை பார்த்துவிட்டுச் சிரித்தது. "அப்ப சர்தான் நைனா. உனுக்குத்தான் குடுப்பானுங்க." அதை வாழ்த்து என்றுதான் எடுத்துக்கொண்டான். அதற்கப்புறமும் ஏதோ சொன்னதே... மழைச் சத்தத்தில், ஆட்டை இழுத்துக்கொண்டே... அவன் அப்போது செக் ஷீட்டை நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டிருந்தான். ஏழாவது கேள்விக்கு நேரே 'தண்ணீர் நிற்காது, சந்திரம்மா (ஆடு)' என்று எழுதி டிக் போட்டான். மிச்சத்தை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

"ந்தா, மூஞ்சிய ஏன் அப்டி வெச்சினு கீற? சாவுக்கு வந்தாப்ல" என்றாள் அன்பரசி.

"ஒன்னும் இல்ல."

"கிச்சன் ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கணும். மொத வேல அதான். சொல்ட்டேன்."

சொல்லட்டும். ஆறு வாடகை வீடு பார்த்தவள். ஆறாவது வீட்டுக்காரர் மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லி, சாமான்கள் மூட்டையாகக் கட்டிக் கிடக்கின்றன, தினமும் இரண்டு தட்டை மட்டும் வெளியே எடுத்துக் கழுவித் திரும்ப மூட்டையில் வைக்கிறாள். முன்பணமாகக் கொடுத்தது அவனுடைய வைப்பு நிதி மொத்தமும். இன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லையென்றால் அது திரும்பாது, அப்படித்தான் ஒப்பந்தத்தில் இருக்கிறது, பத்துத் தடவை படித்தான். திரும்பாது. தெரு முனையில் தனகோடியின் வெள்ளைக் கார் ஏ.சி. ஓட நின்றுகொண்டிருந்தது. அவர் டோக்கன் வந்தால்தான் இறங்குவார். நல்ல மனுஷன்தான்... இல்லையா? இரண்டு மாசம் முன்னால் மோகனோடு வாடகை வீட்டுக்கே வந்தார், அன்பரசி தயங்கித் தயங்கி டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தாள், வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தார். தனகோடி வகையறா. அவருடைய அப்பா காலத்தில் பூபாலனின் ஆட்கள் அவர்கள் தெருவுக்குள் செருப்புப் போட்டு நடந்ததில்லை. அவர் போன பிறகு அன்பரசி அந்த டம்ளரைக் கழுவாமல் ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தாகம் எடுத்துக் குடித்தாரா, காட்டுவதற்குக் குடித்தாரா... இந்தக் கேள்வி அன்றைக்கு ஏன் வரவில்லை? மோகன் வேறு, முன்னால் அதே கம்பெனியில் கூட வேலை பார்த்தவன், ஷிப்ட் பிடிக்காமல் விட்டுவிட்டு வீட்டு புரோக்கராகிவிட்டான், கம்பெனியில் இருந்தவரைக்கும் ஏ பூபாலு என்றுதான் கூப்பிடுவான், இந்த வருஷம்தான் மச்சான். "சாப்ட்வேர் ஜோடி ஒன்னு மேல குடுக்கறேன்னு நிக்கிது மச்சான், பெரியவரு வேணாம்ட்டாரு. பூபாலனுக்குத்தான்னு ஒரே புடியா கீறாரு." அதிகம் கொடுப்பவனை விட்டுவிட்டுக் குறைவாகக் கொடுப்பவனைத் தேடி எந்த ஊரில் வருவார்கள்? கம்பெனியில் ஒரு போல்ட்டு அப்படிப் பொருந்தினால், தேவைக்கு மேல் சுலபமாக, அதைக் கழற்றித் தனியே வைப்பான் அவன்.

பெஞ்சின் மறுமுனையில் இருந்தவர் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டார். கோபாலகிருஷ்ணன் என்று தானாகவே சொன்னார், பேங்கில் ரிடையர்டு, கோவளம் பக்கம் பிளாட் வாங்குகிறார், முதல் வீடு, பயம். சார் உங்க ஃபைலைக் கொஞ்சம் பாக்கலாமா, என்னோடதுல ஏதாவது விட்டுப்போச்சான்னு பாத்துக்கறேன் என்றார். பூபாலனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை, பேங்க்காரர் தன் கோப்பைப் பார்த்துச் சரிபார்க்கிறார். திறந்து கொடுத்தான்.

"அய்யய்யோ. இது வேணுமா சார்? எங்கிட்ட யாரும் சொல்லலியே."

மேலே இருந்த முதல் தாளைக் காட்டினார். ஜாதிச் சான்றிதழ், நகல், கீழே பூபாலன் கையெழுத்து.

"தெரியல சார். எங்கிட்ட கேட்டாங்க."

அவர் பதறி எழுந்து, எதிரே குடைக்குக் கீழே டைப் அடித்துக்கொண்டிருந்த பத்திர எழுத்தர் திருவேங்கடத்தை நோக்கிச் சத்தம் போட்டார். திருவேங்கடம்தான் இவனுடைய பத்திரத்தையும் எழுதியவர். தலையைத் தூக்காமலேயே சிரித்தார். "வூடு வாங்கறதுக்கு அத எவன் சார் கேப்பான்? பொண்ணா பாக்கறீங்க?" இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் தலையைத் தூக்கினார், கோப்பு யாருடையது என்று பார்த்தார், பூபாலனைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் தட்ட ஆரம்பித்தார், முன்னைவிட வேகமாக.

கேட்டாங்க... மோகன்தான் கேட்டான், முதல் வாரமே, ஆதார், பான், அப்புறம் உன் கம்யூனிட்டி சர்டிபிகேட் ஒரு காப்பி. எதுக்கு என்று பூபாலன் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. ஆறாம் வகுப்பில் கேட்டார்கள், ஹாஸ்டலில் கேட்டார்கள், ஐ.டி.ஐ.யில் கேட்டார்கள், பரீட்சைக் கட்டணத்துக்கு, உதவித்தொகைக்கு, இலவச சைக்கிளுக்கு, கேட்காத ஆபீஸ் உண்டா? லேமினேட் பண்ணி, அஞ்சு நகல் எடுத்து, அஞ்சிலும் கையெழுத்துப் போட்டு எப்போதும் தயாராக வைத்திருப்பான், யார் என்ன தாள் கேட்டாலும் அதை மேலே வைத்துத்தான் கொடுப்பான். கை தானாகப் போகும். இந்த பேங்க்காரர் அறுபது வருஷத்தில் ஒரு தடவையாவது அதை மேலே வைத்திருப்பாரா, அவரிடம் கேட்டால் எதுக்குய்யா என்று சண்டைக்குப் போயிருப்பார். பூபாலன் பத்திரத்தின் நகலை எடுத்தான். இரண்டாம் பக்கம், எழுதிவாங்குபவர், பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், அதற்கடுத்து ஒரு வரி, அவன் எந்த வகுப்பைச் சேர்ந்தவன் என்று. பத்துத் தடவை படித்தபோதும் அந்த வரி இருந்திருக்கிறது. கண் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது, எல்லா விண்ணப்பத்திலும் இருக்கிற வரிதானே. எழுதிக்கொடுப்பவர் தனகோடிக்கு அந்த வரி இல்லை.

மழைச் சத்தம் விலகி அந்த அம்மாவின் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது, எத்தனை மாசம் கழித்து. "எங்க மாமனாரு கழனி இது. கைநாட்டு வாங்கிகினு பூட்டானுங்க. ரெண்டு மூட்ட நெல்லுக்கு." அன்றைக்குக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, கேட்டது. எல்லாக் கிழங்களும் எல்லாக் கழனியையும் காட்டி இப்படித்தான் சொல்லும் என்று விட்டுவிட்டான். வில்லங்கம் முப்பது வருஷம் போதும் என்று வக்கீல் சொன்னார். கைநாட்டு அதற்கும் முந்தியது, தாய்ப் பத்திரத்தில் தனகோடியின் அப்பாவுக்கு எழுதிக்கொடுத்தவர் பெயருக்கு நேரே கட்டைவிரல், மை பரவி, ஒரு வண்டு செத்து ஒட்டிக்கொண்ட மாதிரி. பஞ்சமி நிலம். சிங்கப்பெருமாள் கோயில் பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச் சுவரில் 'பஞ்சமி நிலங்களை மீட்போம்' என்று நீலத்தில் எழுதியிருந்ததை எழுத்து உதிரும் வரைக்கும் தினமும் படித்தவன்தான். வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஆட்களுக்குக் கொடுத்த நிலம், நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் வாங்கக் கூடாது, வாங்கினாலும் செல்லாது. காலனிக் கூட்டத்தில் மைக் வைத்துச் சொல்வார்கள், அவன் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருப்பான், அது வேறு யாருக்கோ. செல்லாது என்றால் தனகோடிக்கும் செல்லாது. சாப்ட்வேர் ஜோடியின் வக்கீல் நோண்டியிருப்பான், கண்டுபிடித்திருப்பான், ஓடியிருப்பார்கள். நாலு வருஷமாக எத்தனை பேர் ஓடினார்களோ. நிலத்தை மீட்கச் சொல்லி மனு ஏதாவது போயிருக்கும், ஆள் வந்து விசாரிக்கும் நேரத்தில் நிலத்தில் யார் பெயர் இருக்க வேண்டும்? நம் ஆள் பெயர். பணம் தனகோடியிடம், பெயர் பூபாலனிடம். பக்கத்து மனைக்கெல்லாம் இன்னும் எத்தனை பூபாலனை மோகன் பேசி வைத்திருக்கிறான்? எத்தனை வீட்டில் தண்ணீர் குடித்தார் பெரியவர்?

"டோக்கன் இருபத்தொன்னு!"

மோகன் ஓடி வந்தான். காரின் கதவு திறந்தது. "வா மச்சான், வா வா, சார் சாப்பாட்டுக்குப் போயிடுவாரு."

"மோகன், ஒன்னு கேக்கணும்."

"அல்லாம் அப்பறம் கேளு."

"என் ஜாதி சர்டிபிகேட் எதுக்கு வாங்குன?"

மோகன் நிற்கவில்லை, தோளில் கை போட்டு நடத்திக்கொண்டே போனான், அந்தக் கை மட்டும் ஒரு கணம் கனத்தது. "உன் நல்லதுக்குத்தான்டா. உன்ன அங்கேந்து ஒருத்தனும் கௌப்ப முடியாது. உனக்கு வூடு வேணுமா, பேஜாரு வேணுமா?" பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கல், அவன் சொன்னதில் பொய் இல்லை. ஒருவேளை நிஜமாகவே யாரும் கிளப்ப முடியாது. ஆனால் அப்படியென்றால் அந்த வீட்டில் இருக்க வேண்டியது யார்... காலையில் அன்பரசி கொசுவலை ஜன்னலைத் திறப்பாள், எதிரே நாலு ஆட்டோடு அந்த அம்மா நிற்கும். சன்ஷேடுக்குக் கீழே ஒதுங்கும். சிரிக்கும். ஒன்றும் கேட்காது.

உள்ளே தனகோடிக்கு ஒரே தடவையில் விரல்ரேகை விழுந்தது. அவர் நகர்ந்து வழிவிட்டு, "வாப்பா" என்றார், மரியாதையாகத்தான். கேமராவுக்குப் பக்கத்தில் ரோகிணி என்று பெயரட்டை மாட்டிய பெண், கட்ட வெரல வைங்க சார் என்றாள். வைத்தான். சிவப்பு விளக்கு. தொடச்சிட்டு வைங்க. பேன்ட்டில் துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு.

"கம்பெனிலயும் இவருக்கு இப்டித்தாம்மா, எண்ண, கிரீஸுன்னு ரேகையே தேஞ்சி போச்சி" என்றாள் அன்பரசி பின்னாலிருந்து, ஸ்வீட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு. "ந்தா, நல்லா அழுத்தி வை."

துடைத்தான். வைத்தான். கம்பெனி வருகைப் பதிவு மெஷினிலும் நாலைந்து தடவை ஆகும், உண்மைதான், பதினாலு வருஷமாக மெஷினைத்தான் திட்டியிருக்கிறான். கண்ணாடிக்குக் கீழே ரேகை படிக்கிற வெளிச்சம் காத்துக்கொண்டிருந்தது, அதன் மேல் அவனுடைய கட்டைவிரல் படுத்திருந்தது, எல்லாரும் அந்த விரலையே பார்த்தார்கள். ரேகை தேய்ந்துதான் விட்டதா, தான்தான் அழுத்தவில்லையா... அவனுக்கே தெரியவில்லை.